ஆறடிப் பாரை

படீர்!

கூரைமேல் தகடு கழற்றிக்கொண்டிருந்த மூன்று பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டு, கழற்றிய ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார்கள். கீழே நடைவழியில் மேஸ்திரி கையில் பாதிக் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். மீதிப் பாதி எதிர்ச்சுவரில் மோதி, சிமெண்டுத் தரையில் உருண்டு, கூப்பிட்ட நாய் போல அவர் செருப்பு நுனியில் வந்து நின்றது.

"இருக்கீங்களா, போயிட்டீங்களா மேஸ்திரி?" என்று மேலேயிருந்து ஒருவன் கேட்டான்.

"உன்னை அனுப்பி வெச்சுட்டுத்தான் நான் போவேன். தகட்டைப் பாருடா."

மேலே சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. பாரை முறிவது புதிதில்லை. நுனியில் முறியும், ஆணி பிடுங்கும் பிளவில் முறியும், பழைய பற்றவைப்பு இருந்தால் அந்த இடத்தில் முறியும். நட்ட நடுவில், கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தது போல முறிந்து அவர் பார்த்ததே இல்லை. குனிந்து எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார். வெளியே பதினொரு மணி வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து எடுத்த இரும்போ விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சில்லிட்டிருந்தது. முறிந்த வாயில் பனித்துளி போலப் பொடிப்பொடியாக ஈரம்.

"மச்சான்! என்ன சத்தம்?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மங்கலாக வந்தது. கூடவே இருமல். லொக்கு லொக்கென்று நாலைந்து தடவை.

"பாரை போச்சு. வெளியே வாடா மாப்ளே."

அது பழங்களைப் பத்திரப்படுத்துகிற குளிர்கிடங்காக இருந்த கட்டடம். மூடி எட்டு வருஷமாகிறது. இயந்திரங்களை யாரோ எப்போதோ பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது கூரையும், அமோனியா நெடியும், நடுவில் ஒரே ஒரு பெரிய குளிர் அறையும்தான். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர் ஒன்றரை அடி கனம். வெளிப்பக்கம் ஒரு வரிசைப் பலகை, உள்பக்கம் ஒரு வரிசைப் பலகை, நடுவில் குளிர் வெளியே போகாமலிருக்கத் திணித்த தக்கை. அத்தனையும் நயமான மரம். கீறல் விழாமல் முழுசாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

முழுசாக எடுக்க ஒரு முறை உண்டு. வெளிப்பலகையைக் கழற்றிவிட்டு, தக்கையில் துளை போட்டு, பாரையை உள்ளே விட்டு, அந்தப் பக்கத்துப் பலகையின் இடுக்கில் நுனியைக் குத்தி நெம்ப வேண்டும். அறைக்குள் ஓர் ஆள் நிற்பான். நுனி எங்கே வருகிறதென்று பார்த்து, மேலே, கீழே என்று சொல்வான். பலகை விலகி வரும்போது விழாமல் ஏந்திக்கொள்வான். வெளியே பாரை பிடித்திருப்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ஆகவே உள்ளே இருப்பவன் 'குத்து' என்றால் குத்த வேண்டும், 'நெம்பு' என்றால் நெம்ப வேண்டும், 'விடு' என்றால் அந்த நொடியே விட வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. இருபது வருஷமாக மேஸ்திரியின் ஆட்களுக்கு அதுதான் சட்டம்.

உள்ளே நிற்பது மனைவியின் தம்பி. அவனை உள்ளே அனுப்பியதற்கு மேஸ்திரி சொன்ன காரணம், "உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும்."

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் அளவெடுக்க அந்த அறைக்குள் தனியாகப் போனவர், நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஒன்றையும் பார்க்கவில்லை. ஒன்றையும் கேட்கவில்லை. பல்லெல்லாம் கூசியது, அவ்வளவுதான். மின்சாரம் இல்லாத, எட்டு வருஷமாகச் செத்துக் கிடக்கிற அறையில் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. நாற்பத்தாறு வயது மேஸ்திரி ஓர் இருட்டறைக்குப் பயந்தார் என்று கூரை மேலிருக்கும் மூன்று பேருக்குத் தெரிந்தால் காலத்துக்கும் அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

மச்சினன் வெளியே வந்தான். தலையெல்லாம் தக்கைத் தூள். இரண்டு நாளாக அந்தத் தூளைத் தின்று தின்று ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்தான்.

"மச்சான், உள்ள..." லொக்கு. "அந்த எட்டாவது பலகை இருக்கு பாருங்க..." லொக்கு லொக்கு. "அதுக்குப் பின்னாடி தக்கை உள்ள குழிஞ்சிருக்கு மச்சான். இடுக்கு வழியா லைட் அடிச்சுப் பார்த்தேன். ஆள் உசரத்துக்கு."

"எலி தின்னிருக்கும்."

"எலி தின்னா பிறாண்டின மாதிரி இருக்கும். இது வழவழன்னு, தலை வெச்சுப் படுத்த மெத்தை மாதிரி..." லொக்கு. "தலை, தோள் எல்லாம் தெரியுது."

"அப்போ உங்க அக்காகிட்ட சொல்லி ஒரு போர்வையும் எடுத்துட்டு வரச் சொல்லு. வாடா, கடைக்குப் போவோம்."

இரும்புக்கடைக்காரர் மேஸ்திரியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்காக இல்லை. மேஸ்திரி கடையையே புரட்டிப்போடாமல் ஒரு சாமானும் வாங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

அன்றும் அப்படித்தான். சுவரில் சாய்த்திருந்த பாரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்தார். நல்ல எஃகு என்றால் மணி போல நீளமாக ரீங்கரிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று ஊமையாகும். நாலைக் கழித்தார். மீதியைத் தரையில் உருட்டிப் பார்த்தார். வளைவு இருந்தால் தட்டித்தட்டி ஓடும். இன்னும் இரண்டு கழிந்தன. நுனியில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் சரி. பிடித்து அரைத்தால் மெத்து. கடைசியில் இரண்டு பாரை மிஞ்சின.

ஒன்று நாலடி. வெறும் இரும்பு, ஆறுபட்டை. இன்னொன்று ஆறடி. ஒன்பது கிலோ. பிடிக்கிற பாதி முழுக்கக் கறுப்பு ரப்பர் உறை.

"இதைப் பிடிச்சா கை அதிராது. சாயங்காலம் தோள் வலிக்காது. கல்லைக் குத்துனாலும் பஞ்சைக் குத்துனாலும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர்.

மச்சினன் நாலடிப் பாரையை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தான். "இதை வாங்கலாம் மச்சான். அவர் சொல்றதுதான் எனக்கு பயமாயிருக்கு." இருமினான். "கல்லுக்கும் பஞ்சுக்கும் கையில வித்தியாசம் தெரியணும். நுனி எதைத் தொடுதுன்னு கைக்குச் சேதி வர வேணாமா?"

"சேதி சொல்லத்தான் நீ உள்ள நிக்கறியே."

"தக்கையில பாதி காதுல விழ மாட்டேங்குது மச்சான். நீங்க கேக்கறது எனக்கு விழல, நான் சொல்றது உங்களுக்கு விழல. பலகைமேல காதை வெச்சுத்தான் நுனி வர்ற சத்தத்தையே கண்டுபிடிக்கிறேன்."

"பலகையில காதை வைக்காதே, விலகி நில்லுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"விலகி நின்னா கேக்கலையே."

"சின்னப் பாரைக்காரனுக்கு சின்னப் புத்தி" என்றார் மேஸ்திரி, கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்து. "எங்க வீட்டம்மா கூடப் பொறந்தவன். அந்தக் குடும்பத்துல எல்லாரும் நாலடிதான்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மச்சினன் முகம் சுண்டிப்போனது. நாலடிப் பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தான். மேஸ்திரிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அவனை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டும்போதெல்லாம் அவருக்கு வருகிற திருப்திதான் அது.

ஆறடிப் பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

"அவன் இருமறது இங்க வரைக்கும் கேக்குது" என்றாள் மனைவி. "அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்ட வரேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாலரைக்கே அனுப்பிடுங்க."

"எட்டாவது பலகையை எடுத்துட்டு அனுப்பறேன்."

"அந்தத் தூசியில நீங்க நிக்க மாட்டீங்க, என் தம்பியை நிக்க வைப்பீங்க. அம்மா போனதுலேர்ந்து இடுப்புல தூக்கி வளர்த்தவன். ஒரு கீறல் விழுந்தாலும் சரி, என் மூஞ்சியில முழிக்க வராதீங்க. முழுசா அனுப்புங்க."

"சரி தாயே."

போனை வைத்தார். "உங்க அக்கா உன்னை முழுசாக் கேக்கறா. பலகை மாதிரி" என்றார்.

மச்சினன் அதற்கும் சிரித்தான். அப்படித்தான் அவன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

மூன்றரை மணிக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். கூரைக்காரர்கள் கழற்றிய தகடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். கட்டடத்தில் இருவர் மட்டும். நடைவழியின் இரண்டு முனையிலும் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. நடுவில், மேஸ்திரி நின்ற இடத்தில், எப்போதும் போல மங்கல். மச்சினன் கை விளக்கை எடுத்துக்கொண்டு, வளைந்து போகிற நடைவழியில் திரும்பி மறைந்தான். அவன் செருப்புச் சத்தமும் இருமலும் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், கதவைத் தாண்டியதும் கத்தரித்தது போல அமுங்கின.

டொக் டொக் டொக். உள்ளேயிருந்து மூன்று தட்டு. 'வந்துவிட்டேன்' என்று அர்த்தம்.

மேஸ்திரி பாரையின் பின்முனையால் பதிலுக்கு இரண்டு தட்டினார்.

ஆறாவது பலகை வெண்ணெய் போல வந்தது. ஆறடி நீளத்தின் பலம் என்னவென்று அவர் அன்றுதான் கண்டார். ஒரு கையால் அழுத்தினாலே போதும், அந்தப் பக்கம் ஆணிகள் 'க்ரீச், க்ரீச்' என்று அழுதுகொண்டே கழன்றன.

"மேல மச்சான்..." லொக்கு. "இன்னும் மேல..." லொக்கு லொக்கு. "ம். குத்துங்க!"

"நெம்பட்டுமா?"

"நெம்புங்க... விடுங்க விடுங்க! வந்துடுச்சு."

ஏழாவதும் அப்படியே. உள்ளே பலகையைத் தரையில் சாய்த்து வைக்கிற சத்தம், கூடவே நீளமான இருமல். மேஸ்திரி சுவரைப் பார்த்துக் கத்தினார்: "இருமி இருமியே சுவரைத் தள்ளிடுவ போலிருக்கே! பாரை எதுக்குடா வாங்குனோம்?"

உள்ளே அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

எட்டாவது பலகைக்காக வெளிப்பக்கத்தைக் கழற்றியபோது, தக்கைக்குள்ளிருந்து ஒரு காற்று வந்தது. சில்லென்று, கொஞ்சம் இனிப்பாக, அழுகிய பழத்தின் அடியில் கை வைத்தது போல. மேஸ்திரி ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு தன்னையே வைதுகொண்டு முன்னால் வந்தார். தக்கையில் துளை போடத் தேவையே இருக்கவில்லை. பாரையின் நுனி பட்டதுமே, எதிர்ப்பு எதுவும் இல்லாமல், உறைக்குள் போகும் கத்தி போல அது உள்ளே போனது.

அப்போது குரல் கேட்டது.

"இன்னும் மேல மச்சான்."

தெளிவாகக் கேட்டது. இரண்டு நாளாகத் தலையணையை வாயில் வைத்துப் பேசியது போலிருந்த குரல், இப்போது பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது. தக்கை இந்த இடத்தில் குழிந்திருக்கிறதே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். பாரையை உயர்த்தினார்.

"இன்னும் மேல. தோள் உசரம். அதுக்கும் மேல."

"அங்க ஆணியே கிடையாதேடா."

"இருக்கு மச்சான். நான் பார்க்கறேன் இல்ல? ரெண்டு விரல் இடது பக்கம். ஒரு விரல் மேல." மேஸ்திரி நகர்த்தினார். "ம். அங்கதான். பலமாக் குத்துங்க."

எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. மேஸ்திரி இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினார். ஒன்பது கிலோ இரும்பு விசுக்கென்று போய் எதிலோ நின்றது. அது மரமா, ஆணியா, சிமெண்டா? கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான். தோளுக்கு அதிர்ச்சியே வரவில்லை. ரப்பர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

உள்ளே விளக்கு விழுந்தது போல ஒரு சின்னச் சத்தம்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மச்சான். நெம்புங்க."

நெம்பினார். கொஞ்சம் அமுங்கியது. ஆணி கழலும் 'க்ரீச்' வரவில்லை. வேறு ஏதோ மெத்தென்று விட்டுக்கொடுத்தது. ஊறிப்போன பலகையாக இருக்கும். உளுத்துப்போன சட்டமாக இருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் நிறுத்தினால் அந்த அறைக்குள் போக வேண்டும். போகாமலிருக்க ஒரே வழி நெம்புவதுதான்.

"வருதா?"

"வருது மச்சான். நல்லா வருது. விடுங்க... ம், நெம்புங்க. விடுங்க... நெம்புங்க."

தாளம் போட்டது போலக் குரல் சொல்லிக்கொண்டே போனது. மேஸ்திரி அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது. பாரை மேலும் கீழும் போகும்போதெல்லாம் உள்ளே பலகையில் ஏதோ 'டப்... டப்...' என்று மெதுவாகத் தட்டியது. ஆறாவது பலகைக்கு இரண்டு நிமிஷம், ஏழாவதுக்கு மூன்று. இதற்குக் கால் மணி நேரமாகியும் விழவில்லை. பாரையின் இரும்புப் பகுதி வழியாக ஏதோ வடிந்து ரப்பர் விளிம்பில் வந்து தேங்கியது. தக்கை ஒட்டுவதற்குத் தார் பூசியிருப்பார்கள். பழைய தார் இளகுகிறது. இடுப்புத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார்.

"போதும்டா. மணி நாலேகால் ஆச்சு. உங்க அக்கா என் கழுத்தைப் பிடிப்பா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"இன்னும் கொஞ்சம்தான் மச்சான்."

"டாக்டர்கிட்ட போக வேணாமா?"

"வேணாம் மச்சான். சரியாப் போச்சு."

சரியாகப் போய்விட்டது.

மேஸ்திரியின் கை பாரையிலேயே நின்றது. எங்கோ ஒரு கழன்ற தகடு காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் கட்டடமே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அவர் யோசித்தார். ஒவ்வொரு வார்த்தையாகப் பின்னால் போய் யோசித்தார். இன்னும் மேல மச்சான். தோள் உசரம். ரெண்டு விரல் இடது பக்கம். நெம்புங்க. விடுங்க. நெம்புங்க.

இந்தக் கால் மணி நேரமாக அவன் ஒரு தடவை கூட இருமவில்லை.

தக்கைத் துளைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"ஒரு தடவை இருமு."

காலால் சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

"இருமுடா. ஒரே ஒரு தடவை."

பிறகு அது வந்தது. மச்சினனின் குரலேதான். ஆனால் இருமல் இல்லை. புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல, மூச்சு என்பதே இல்லாமல், நிதானமாகச் சொன்னது.

"லொக். கு. லொக். கு."

ஒரு நிமிஷம் விட்டு, "சரியா மச்சான்?" என்றது.

மேஸ்திரி கையை எடுத்தார். உள்ளங்கை ரப்பரில் ஒட்டியிருந்து, பிசுபிசுவென்று பிரிந்தது. நடைவழியின் முனையில் கிடந்த வெயில் சதுரத்துக்கு ஓடி, கையை அதில் நீட்டினார்.

தார் சிவப்பாக இருக்காது.

ஓடினார். ஓடினேன் என்று பிறகு சொல்ல முடிந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். உண்மையில் சுவரைப் பிடித்துப் பிடித்து, குழந்தை நடப்பது போல நடந்தார். வெளியே போகிற வாசல் வலது கைப்பக்கம் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் வெயில், சாலை, ஒரு சைக்கிள் மணி. இடது பக்கம் குளிர் அறை. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. முழுசா அனுப்புங்க.

இடது பக்கம் திரும்பினார்.

கதவு ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்திருந்தது. ஒரு முழக் கனம். உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் நாலு துளை மட்டும். வாசலிலேயே மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

"மாப்ளே?"

தரையில் விழுந்து கிடந்த கை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் தரையோடு தரையாகப் போய் எட்டாவது பலகையின் அடியில் விழுந்தது. அங்கே இரண்டு கால்கள்.

நின்றுகொண்டிருந்தான். அப்பாடா என்றது மனம். நிற்கிறான். நிற்கிறவன் உயிரோடுதான் இருப்பான். முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக, பலகையில் காதை வைத்துக் கேட்டபடி நிற்கிறான்.

"டேய்... விலகி நில்லுன்னு..."

இரண்டு எட்டு வைத்தார். விளக்கை எடுத்தார். மேலே தூக்கினார்.

குதிகால்கள் தரையில் படவில்லை.

கால் விரல் நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் தக்கைத் தூளில் இரண்டு வளைவுகள். கோலை வைத்துக் கீறியது போல, மேலும் கீழும், மேலும் கீழும். கால் மணி நேரத்து வளைவுகள். பலகை இடுக்கு வழியாக வந்த பாரையின் நுனி அவன் காதுக்குக் கீழே போய், அந்தப் பக்கம் தாடைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் இருந்தது இரும்பு. இந்த வாயால் ஒரு வார்த்தை கூடப் பேசியிருக்க முடியாது. 'குத்துங்க' என்று கேட்டு, அவர் குத்திய அந்த முதல் குத்துக்கு அப்புறம், ஒரு வார்த்தை கூட.

மேஸ்திரி கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார். இன்னும் சூடாக இருந்தான். அந்த அறையில் சூடாக இருந்தது அவன் ஒருவன்தான்.

தாங்க வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தூக்கி, பாரையிலிருந்து எடுத்து, வெயிலுக்குக் கொண்டு போக வேண்டும். முழுசாக. அதற்குமேல் எதுவும் ஓடவில்லை மூளையில். விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இடுப்பை அணைத்தார்.

வெளியே, நடைவழியில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அவர் அசையாமல் நின்றார்.

அந்தக் கனைப்பு அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பிக்கும் முன், உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொள்ளும் முன், அவர் கனைக்கும் கனைப்பு. அவருடையது. ஆனால் அவர் இங்கேதான் நிற்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் உறைமேல் இரண்டு கைகள் பதியும் சத்தம். பிசுபிசுவென்று.

பாரை மெல்ல அமுங்கியது.

அவர் அணைப்பிலேயே மச்சினனின் உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. தலை மேலே போனது. கீழே வந்தது. மேலே போனது. கீழே வந்தது. 'டப்... டப்...' என்று தாடை பலகையில் தட்டியது. திறந்த கண்களோடு அவன் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவன் வாய் அசையவில்லை. குரல் அவன் வாயிலிருந்து வரவில்லை. மேஸ்திரியின் காதுக்கு நாலு விரல் தள்ளி, பலகைக்குப் பின்னால், அந்த ஆள் உயரக் குழிக்குள்ளிருந்து வந்தது. இருமல் இல்லாத, தெளிவான, சந்தோஷமான குரல், சுவருக்கு வெளியே நிற்பவரிடம் சொன்னது:

"உள்ள வந்துட்டாரு மச்சான்... போய்க் கதவைச் சாத்துங்க."